பாட்டுக்கு எதற்கு மியூசியம்? (மிலான், லா ஸ்காலா)

பிப்ரவரி 11, கேள்வி

ஜூனில் மிலானில் ஒன்றரை நாள் இருப்போம். வீட்டம்மா பாட்டு படித்தவர். லா ஸ்காலா என்ற ஆபரா (பாட்டாகவே நடக்கும் நாடகம்) அரங்கத்தின் மியூசியத்தைப் பார்த்தே தீர வேண்டும் என்கிறார். என் கட்சி வேறு. ஆபரா காதுக்கானது, பாட்டைக் கண்ணாடிப் பெட்டியில் பூட்டி வைக்க முடியாது. என்றோ செத்துப்போன பாடகியின் படத்தைப் பார்க்க டிக்கெட் எதற்கு? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

பிப்ரவரி 11, இரவு

நான்கு தடவை போயிருக்கிறேன். நான் இருப்பது பெர்கமோவில். மிலானுக்கு ரயிலில் ஒரு மணி நேரம் கூட ஆகாது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்குச் சுருதி ஞானம் கிடையாது. வீட்டில் நான் வாய் திறந்து பாடினால் பிள்ளைகள் கதவைச் சாத்துவார்கள். பிழைப்பு கிரேன் வடிவமைப்பு. கப்பி, வடம், எதிர்எடை, இவைதான் தெரியும். எனவே உங்கள் வீட்டம்மாவுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை. உங்களுக்குத்தான் சொல்கிறேன்.

முதல் தடவை நானும் உங்கள் கட்சிதான். ஊருக்குத் திரும்பும் ரயிலுக்கு நாற்பது நிமிடம் இருக்கும்போது உள்ளே ஓடினேன். தப்பு என்னுடையது. ஓவியம், மார்பளவுச் சிலை, மறுபடி ஓவியம். மரியா மாலிப்ரான் என்ற பாடகி டெஸ்டெமோனா வேடத்தில் நிற்கும் படம். ஆபரா இசையமைப்பாளர் வெர்தியின் தாடி. பியானோ மேதை லிஸ்ட்டுக்கு ஸ்டைன்வே கம்பெனி கொடுத்த பியானோ. கல்யாண வீட்டில் யாரென்றே தெரியாத பெரியவர்களுக்கெல்லாம் வணக்கம் போட்டுவிட்டு வெளியே வந்த மாதிரி இருந்தது.

பிப்ரவரி 11, பத்து நிமிடம் கழித்து

ஒன்று விட்டுப்போனது. 1667-இல் நேப்பிள்ஸில் ஒனோஃப்ரியோ குவாரச்சீனோ செய்த ஒரு பழைய விசை வாத்தியம் அங்கே இருக்கிறது. பழகாத கை என்னைத் தொட வேண்டாம் என்று அதன் மேல் லத்தீனில் எழுதியிருக்கிறது. எனக்கென்றே எழுதி வைத்ததுபோல இருந்தது.

பிப்ரவரி 13

இரண்டாவது தடவைதான் விஷயம் பிடிபட்டது.

மியூசியத்திலிருந்து தியேட்டரின் பாக்ஸ் (அரங்கத்தைச் சுற்றி அடுக்கடுக்காக இருக்கும் சிறு பார்வையாளர் அறை) ஒன்றுக்குள் எட்டிப் பார்க்கலாம். ஒத்திகை நடந்தால் கிடையாது, அது அன்றைய அதிர்ஷ்டம். அன்று ஒத்திகை இல்லை, ஆனால் வேலை நடந்துகொண்டிருந்தது. அரங்கம் அரை இருட்டு. மேடையில் மட்டும் வேலை விளக்கு. கறுப்புச் சட்டைக்காரர்கள் ஏழெட்டுப் பேர். ஒருவர் தரையில் டேப் பிடித்து அளக்கிறார். மேலே இருட்டிலிருந்து ஓர் அரண்மனைச் சுவர் சத்தமே இல்லாமல் இறங்குகிறது. தரையைத் தொட ஒரு கை அளவு இருக்கும்போது நின்றது. கீழே இருந்தவர் கையை அசைத்தார், ஒரு விரல் அளவு இறங்கியது. மறுபடி கை, மறுபடி ஒரு விரல்.

அத்தனை பெரிய சுமையை அந்த நிதானத்தில் இறக்குவது என்ன வேலை என்று எனக்குத் தெரியும். சைட்டில் இதையே செய்ய எத்தனை கூச்சல் போடுவோம்! பக்கத்தில் நின்ற ஜப்பானியப் பெண்மணி நகர்ந்து போனபின்னும் நான் நகரவில்லை.

அதனால் “ஆபரா காதுக்கானது” என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பணம் கொடுத்தால் யாரும் வரலாம் என்று திறந்த முதல் ஆபரா அரங்கம் 1637-இல் வெனிஸில் வந்தது, சான் கசியானோ. டிக்கெட் விற்றாக வேண்டும். பாட்டு மட்டும் போதாது, கண்ணையும் இழுக்க வேண்டும். நான்கு வருடம் கழித்து அதே ஊரில் தேயாத்ரோ நோவிசிமோ. அங்கே ஜாக்கொமோ தொரெல்லி என்ற ஆள் ஒரு வேலை செய்தார். மேடையின் இரு பக்கமும் வரிசையாக நிற்கும் தட்டிகளை மேடைக்கு அடியில் ஓடும் சிறு வண்டிகளில் நிறுத்தி, எல்லா வண்டியின் கயிற்றையும் ஒரே உருளையில் கொண்டுபோய்க் கட்டினார். எதிர்எடையை விடுவித்தால் உருளை சுழலும். அரண்மனைத் தட்டிகள் உள்ளே ஓட, கடற்கரைத் தட்டிகள் வெளியே வரும், எல்லாம் ஒரே மூச்சில். பதினைந்து வயதுப் பையன் ஒருவனே இதை இயக்கிவிடலாம் என்று அந்தக் காலத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள்.

திரை போடாமல், ஜனங்கள் பார்க்கப் பார்க்கக் காட்சி மாறும். அதைப் பார்க்கத்தான் கூட்டம்.

பிப்ரவரி 14

“தட்டி என்றால் என்ன, கூரைத் தட்டியா” என்று ஒருவர் கேட்கிறார். மரச்சட்டத்தில் துணி அறைந்து படம் எழுதியது. நம் நாடகக்காரர்கள் சைடு விங் என்பார்கள்.

என் பெரியப்பா ஸ்பெஷல் நாடகங்களுக்குச் சீன் கட்டப் போய்க்கொண்டிருந்தவர். தர்பார் சீன், காட்டு சீன், தெரு சீன், பூங்காவன சீன். எந்த நாடகமானாலும் படுதா அதே நாலைந்துதான். வள்ளி திருமணத்துக்கு விரித்த காடு மறுநாள் வேறு ஊரில் வேறு நாடகத்துக்குக் காடு. இத்தாலியிலும் இப்படித்தான் இருந்திருக்கிறது. ஒவ்வோர் அரங்கமும் ஓர் அரண்மனை, ஒரு சிறை, ஒரு தோட்டம், ஒரு காடு என்று கைவசம் வைத்துக்கொண்டு எல்லா ஆபராவுக்கும் அதையே மாட்டினார்கள். தற்செயலான ஒற்றுமை என்றும் தள்ள முடியாது. பார்ஸி கம்பெனிகள் நம் ஊருக்குக் கொண்டுவந்த படுதா மேடை ஐரோப்பிய மேடையைப் பார்த்துச் செய்தது. அந்த ஐரோப்பிய மேடையின் பூர்வீகம் இத்தாலி. பெரியப்பாவுக்கு இது தெரிந்திருந்தால் “அப்போ நம்ம சீன் ஃபாரின் சீன்தானா” என்று இரண்டு நாள் சொல்லிக்கொண்டு திரிந்திருப்பார்.

பிப்ரவரி 14, மாலை

பாக்ஸ் ஏன் மேடையைப் பார்க்காமல் எதிர் பாக்ஸைப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்ற கேள்விக்கு:

எதிர் பாக்ஸைப் பார்க்கத்தான். 1778 ஆகஸ்ட் 3 அன்று லா ஸ்காலா திறந்தபோது (கட்டியவர் பியெர்மரீனி, முதல் ஆபரா சாலியேரியுடையது) பாக்ஸ்கள் பணக்காரக் குடும்பங்களின் சொந்தச் சொத்து. வீட்டு ஹால் மாதிரி. சாப்பாடு, அரட்டை, வேண்டாதபோது திரையை இழுத்து மூடிக்கொள்வது. நடுவே பிடித்த பாட்டு வந்தால் மட்டும் திரும்பிப் பார்ப்பார்கள். முன்கூடத்தில் சூதாட்டம் வேறு. தொமேனிக்கோ பார்பாயா என்பவர் அங்கே சூதாட்டக் குத்தகை எடுத்துச் சம்பாதித்து, பிறகு நேப்பிள்ஸ் போய் சான் கார்லோ அரங்கத்தை நடத்தி, இசையமைப்பாளர் ரொசீனியை வேலைக்கு வைத்துக்கொண்டார். சூதாட்ட மேசையில் புரண்ட காசுதான் பாட்டுக்குச் சோறு போட்டது. காப்பி, சாக்லேட், பால் கலந்த ஒரு பானத்துக்கு அவர் பெயரே இருக்கிறது, பார்பயாதா. மிலானில் கிடைத்தால் குடித்துப் பாருங்கள், ஆபராவை விடச் சீக்கிரம் புரியும்.

ஆட்டம் நடக்கும்போது அரங்கத்தை இருட்டாக்கு, பெண்கள் தொப்பியைக் கழற்று, ஒன்ஸ் மோர் கேட்காதே என்றெல்லாம் சட்டம் போட்டுச் சண்டை பிடித்தவர் இசைக்குழு நடத்துநர் தோஸ்கனீனி. 1898-இல் அவர் அங்கே பொறுப்புக்கு வந்தபின் நடந்தது இது. மின்விளக்கு 1883-லேயே வந்துவிட்டது. விளக்கைப் போடுவது சுலபமாக இருந்தது, அணைப்பதற்குத்தான் பதினைந்து வருடமும் ஒரு கோபக்காரரும் தேவைப்பட்டார்கள்.

பிப்ரவரி 15

இங்கே ஒருவருக்குக் கோபம். “மேடை ஜோடனைதான் ஆபராவைக் கெடுத்தது. இன்றைய டைரக்டர்கள் கோட்டு சூட்டு மாட்டிவிடுகிறார்கள். வெர்தி நினைத்தபடி போட்டால் என்ன?”

வெர்தி நினைத்தபடி என்றால் கோட்டு சூட்டுதான். அவருடைய லா த்ராவியாத்தா ஆபரா 1853 மார்ச்சில் மிலானில் முதலில் அரங்கேறியபோது, கதை தன் காலத்தில் நடக்க வேண்டும், பாத்திரங்கள் அன்றைய உடையில் வர வேண்டும் என்று அவர் கேட்டார். நிர்வாகம் ஒப்பவில்லை. 1700-ஆம் ஆண்டு வாக்கில் நடப்பதாக மாற்றி, பழைய காலத்து உடையைப் போட்டுவிட்டார்கள். முதல் ராத்திரி படுதோல்வி, அதற்கு வேறு காரணங்களும் உண்டு. ஆக “ஒரிஜினல்” என்று நாம் கும்பிடுவதே வேறு யாரோ செய்த சமரசமாக இருக்கலாம்.

பிப்ரவரி 15, சற்று நேரம் கழித்து

மிலான் இல்லை, வெனிஸ். லா ஃபெனீச்சே அரங்கம். சுட்டிக்காட்டியவருக்கு ஒரு பார்பயாதா.

மிலானில் பேசப்பட்ட த்ராவியாத்தா 1955-இல் டைரக்டர் லுக்கீனோ விஸ்கோந்தி போட்டது. லீலா தெ நோபிலி செட்டும் உடையும் செய்தார், மரியா காலாஸ் பாடினார். முதல் அங்கத்தின் முடிவில் காலாஸ் செருப்பை உதறி எறிந்துவிட்டுப் பாடினார். சாஸ்திரம் பார்ப்பவர்கள் கொதித்தார்கள். விருந்து முடிந்து, வந்தவர்கள் எல்லாம் போனபின் தனியாக இருக்கும் ஒரு பெண் வேறென்ன செய்வாள்?

பிப்ரவரி 18

கோபக்காரர் மறுபடி வந்திருக்கிறார். “அப்படியானால் மேடையில் எப்படி நிற்க வேண்டும் என்று எங்கேயும் எழுதி வைக்கவில்லையா?”

இருக்கிறதே, நன்றாக எழுதி வைத்திருக்கிறார்கள். ரிக்கோர்தி பதிப்பகம் 19-ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் “திஸ்போசித்சியோனி ஷேனிக்கே” என்று கையேடுகள் போட்டது. மேடை ஏற்பாடு என்று வைத்துக்கொள்ளலாம். 1887-இல் ஸ்காலாவில் வெர்தியின் ஒத்தெல்லோ அரங்கேறியது, அதற்கான கையேட்டை ஜூலியோ ரிக்கோர்தியே தொகுத்தார். தரைப்படம் போட்டு, கோரஸ் எந்தக் கும்பலாக எங்கே நிற்பது, வில்லன் யாகோ எந்தச் சொல்லில் எத்தனை அடி வைத்து யார் பக்கம் திரும்புவது, எல்லாம் இருக்கும். எங்கள் கம்பெனியின் அசெம்பிளி மேனுவல் கூட அத்தனை விவரமாக இராது.

அந்த ஒத்தெல்லோ தொடக்கமே புயல். இடி, மின்னல், பீரங்கி. ஆர்கன் வாசிப்பவர் ஒட்டி ஒட்டி இருக்கும் மூன்று தாழ்ந்த சுரங்களை ஒரேயடியாக அமுக்கிப் பிடித்துக்கொண்டே இருப்பார். இசையாகக் கேட்காது, நாற்காலி அதிரும். புயல் ஓயும்போது அது நிற்கும், நின்றபிறகுதான் இத்தனை நேரம் ஏதோ ஒலித்தது என்றே தெரியும். பெரிய மோட்டார் நின்றதும் ஃபேக்டரியில் ஓர் அமைதி வருமே, அது.

சரி, கையேடு இருக்கிறது. அதன்படியே இன்று போட வேண்டுமா? இந்தக் குறிப்பை எழுதத் தொடங்கும்போது “வேண்டாம்” என்று எழுத நினைத்தேன். இப்போது அவ்வளவு உறுதியாக இல்லை. எகிப்தில் நடக்கும் வெர்தியின் ஆபரா ஆயிதாவின் கடைசிக் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். மேடை இரண்டு தளம். மேலே வெளிச்சமான கோயில், கீழே இருட்டான கல்லறை. உயிரோடு மூடப்பட்டவர்கள் கீழே பாட, மேலே பூசை நடக்கிறது. இது டைரக்டரின் கற்பனை அல்ல, மூலத்திலேயே இருக்கிறது. இதை ஒரே தளமாக்கி நான்கு நாற்காலி போட்டு ஒரு தடவை பார்த்தேன் (எந்த ஊர் என்று சொல்ல மாட்டேன்). கண்ணை மூடிக்கொண்டேன். அப்போது முதலில் கேள்வி கேட்டவர் சொன்ன மாதிரி காதுக்கான ஆபரா ஆகிவிட்டது.

பிப்ரவரி 18, பின்னிரவு

ஆயிதா என்றதும் நினைவு வந்தது. 1871 டிசம்பரில் கெய்ரோவில் முதலில் போட்டார்கள். இன்னும் முன்னாலேயே நடந்திருக்க வேண்டியது. செட்டும் உடையும் பாரிஸில் தயாராயின. பிரஷ்யப் படை பாரிஸை முற்றுகையிட, எகிப்தே உள்ளே மாட்டிக்கொண்டது. பாடகர் ரெடி, பாட்டு ரெடி, பெட்டி வரவில்லை. காதுக்கானது என்றால் பெட்டி வராமலே பாடியிருக்கலாமே?

பிப்ரவரி 23

நான் மேலே எழுதியதில் ஒன்றைத் திருத்த வேண்டும். எல்லாப் புகழையும் அந்த பாக்ஸுக்கே கொடுத்துவிட்டேன். உண்மையான மேடை மியூசியம் நகரின் தெற்குப் பக்கம் இருக்கிறது, மியூசியம் என்ற பலகை இல்லாமல்.

வியா பெர்கோன்யோனே தெருவில் பழைய அன்சால்தோ இரும்பாலை. 2001 முதல் ஸ்காலாவின் பட்டறைகள் அங்கேதான். ஏறத்தாழ 20,000 சதுர மீட்டர். தச்சு, வெல்டிங், சிற்பம், படம் எழுதுவது, தையல். முன்பதிவு செய்தால் வழிகாட்டியுடன் மேலே தொங்கும் நடைபாதையில் போய்க் குனிந்து பார்க்கலாம். கீழே வேலை நடந்துகொண்டே இருக்கும்.

நான் போன அன்று ஒரு வானத்தை எழுதிக்கொண்டிருந்தார்கள். ஆங்கிலேயர்கள் துணியை நிற்க வைத்து எழுதுவார்களாம், இத்தாலிய முறை தரையில் விரிப்பது. பெரிய கூடம் முழுக்க வானம். துடைப்பம் நீளத்துக்குக் கைப்பிடி வைத்த தூரிகையோடு ஒரு பெண் காலுறையோடு வானத்தின் மேல் நடந்து போகிறார். பக்கத்தில் நின்று பார்த்தால் அழுக்குத் திட்டு. மேலே நடைபாதையிலிருந்து பார்த்தால் மழைக்கு முந்தைய மேகம். நடுநடுவே அவரும் ஏணியில் ஏறி மேலிருந்து பார்த்துவிட்டு இறங்குகிறார். அரங்கத்தின் கடைசி வரிசைக்காரர் கண்ணுக்கு எழுதுகிற வேலை இது.

அடுத்த கட்டடத்தில் உடைகள், 60,000-க்கு மேல். துணிக்கடையில் மனைவியோடு போய் நின்ற அனுபவம் இருந்ததால் அங்கே சீக்கிரம் கடந்துவிட்டேன். தப்பு பண்ணினேன் என்று இப்போது தோன்றுகிறது. உங்கள் வீட்டம்மா அங்கேயே தங்கிவிடுவார், பார்த்துக்கொள்ளுங்கள்.

பிப்ரவரி 24

“அப்போது ஓவியங்களும் சிலைகளும் வீண்தானா?” இல்லை. அதையும் மாற்றிக்கொள்கிறேன், என்ன செய்வது.

மூன்றாவது தடவை போனபோது அன்ஜெலோ இங்கான்னி 1852-இல் எழுதிய ஒரு படத்தின் முன் நின்றேன். ஸ்காலாவின் முகப்பு. முன்னால் சதுக்கமே இல்லை! இன்று லியோனார்தோ சிலை நிற்கும் இடமெல்லாம் வீடுகள், நடுவே ஒரு தெரு. முகப்பு ஏன் அவ்வளவு அடக்கமாக இருக்கிறது என்று எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள். தெருவில் நடப்பவன் சாய்வாகப் பார்ப்பதற்குக் கட்டியது. பிறகு வீடுகளை இடித்துவிட்டு எதிரே இருபது பஸ் டூரிஸ்ட்டுகளை நிற்க வைத்தால் எந்த முகப்புதான் தாங்கும்?

அலெஸ்ஸாந்த்ரோ சான்குயிரிக்கோ என்ற பெயர் கண்ணில் பட்டால் நில்லுங்கள். ஸ்காலாவின் செட் ஓவியர், பெல்லீனி இசையமைத்த நோர்மா முதலில் அரங்கேறியபோது (1831 டிசம்பர் 26) காடும் கோயிலும் இவருடையவை. அன்றிரவு பெல்லீனிக்குத் தோல்வி. படுதாவின் மேல் பழி விழவில்லை.

மார்ச் 2

பாடகர்களைப் பற்றி ஒன்றுமே எழுதவில்லை என்று குறை. சரி, ஒரே ஒரு கதை.

2006 டிசம்பர், ஸ்காலாவில் ஆயிதா. மேல்மாடி மலிவு டிக்கெட்காரர்களை லோஜோனிஸ்தி என்பார்கள், சங்கீத சபையின் பின்வரிசை மாமாக்களைப் பத்தால் பெருக்கிக்கொள்ளுங்கள். கதாநாயகன் ரொபெர்த்தோ அலாஞ்யா முதல் பாட்டைப் பாடி முடித்ததும் மேலிருந்து கூச்சல் விட்டார்கள். அவர் ஒரு கும்பிடு போட்டுவிட்டு மேடையை விட்டு இறங்கிப் போய்விட்டார். ஆட்டம் நிற்கவில்லை. மாற்றுப் பாடகர் அந்தோனெல்லோ பலோம்பி அப்படியே ஜீன்ஸோடு உள்ளே தள்ளப்பட்டார். சுற்றிலும் பட்டும் பொன்னுமாக எகிப்து, நடுவே எகிப்தியத் தளபதி ஜீன்ஸில்.

கோபக்காரரே, இதை யாரும் நவீன டைரக்ஷன் என்று திட்டவில்லை.

மார்ச் 3

“பழைய அரங்கம் என்கிறீர்கள், குண்டு விழுந்து தரைமட்டமானதுதானே?” தரைமட்டம் இல்லை. 1943 ஆகஸ்டில் கூரை போனது, உள்ளே பெருஞ்சேதம். 1946 மே 11-இல் தோஸ்கனீனி திரும்பி வந்து கச்சேரி நடத்தித் திறந்தார். நீங்கள் தொட்டுப் பார்க்கும் பழமையில் பாதி போருக்குப் பிந்தையது. மேடைப் பகுதி அதைவிடப் புதிது. 2002 முதல் 2004 வரை மூடி, கட்டடக்கலைஞர் மாரியோ பொத்தாவின் வடிவப்படி மேடைக் கோபுரத்தையும் இயந்திரத்தையும் அடியோடு மாற்றினார்கள். பழையதை இடிக்காதே என்று பெரிய சண்டை. 2004 டிசம்பர் 7-இல் திறந்தபோது போட்டது 1778-இன் அதே சாலியேரி ஆபரா. நான் புதிய இயந்திரத்தின் பக்கம். சொல்ல வேண்டிய தேவையே இல்லை.

ஏப்ரல் 6

ஜூன் நெருங்குவதால் வேலைக்கு ஆகிற குறிப்பு. காலையில் முதல் வேலையாக மியூசியம், நேராக பாக்ஸுக்குப் போய்விடுங்கள், ஓவியங்கள் ஓடிவிடாது. அன்சால்தோ பட்டறைக்கு இப்போதே பதிவு செய்யுங்கள். வெர்தியின் சமாதி காசா வெர்தியில் இருக்கிறது. வயதான இசைக்கலைஞர்களுக்காக அவர் தன் காசில் கட்டிய இல்லம், இன்னும் நடக்கிறது. வீட்டம்மாவுக்கு அது பிடிக்கும். ரிக்கோர்தி ஆவணக் காப்பகம் ப்ரேரா மாளிகையில். வெர்தியின் 28 ஆபராக்களில் 23-இன் கையெழுத்துப் பிரதி அவர்களிடம்தான். நினைத்த நேரத்தில் நுழைய முடியாது, கேட்டுக்கொண்டு போங்கள்.

ஜூன் 19, கேள்வி கேட்டவர்

போய் வந்தோம். பாக்ஸ் திறந்திருந்தது, ஆனால் மேடைத் திரை மூடியிருந்தது, உங்கள் அரண்மனைச் சுவரைப் பார்க்கவில்லை. வீட்டம்மா மாலிப்ரான் படத்தின் முன் அரை மணி நேரம். 28 வயதில் போய்விட்டாளாமே, குதிரையிலிருந்து விழுந்து. அன்சால்தோவில் நான் அரை மணி நேரம். கணக்குச் சரி. கட்சி மாறினேன் என்று எழுத மாட்டேன்.

ஜூன் 19, இரவு

எழுத வேண்டாம். போன வாரம் நானும் அன்சால்தோ போனேன், ஐந்தாவது பயணம் என்று கணக்கில் வையுங்கள். பிப்ரவரி 23 குறிப்புக்கு ஒரு திருத்தம்: காலுறை என்று எழுதியிருந்தேன். இந்தத் தடவை உற்றுப் பார்த்தேன். மெல்லிய துணிச் செருப்பு, அடிப்பாகம் முழுக்க நீலம்.